கய்யூ கேட்ட நாலு ரொட்டி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷல்மத் தர்மமாகக் கொடுத்த ரொட்டி ஷல்மத்தின் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

துணியை விலக்கிப் பார்த்தாள். வாற்கோதுமை ரொட்டி. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கதிர். அந்த முத்திரைக் கட்டை உர்ஹாய் நகரத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது அவள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவளே தன் கையால் அழுத்திய முத்திரை அது.

எங்கள் சபையின் நோன்பைத் தெரிந்துகொண்டால்தான் இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று புரியும். புதன், வெள்ளி இரண்டு நாளும் பொழுது சாயும்வரை யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. அன்றைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டிய ரொட்டியைத் தன்னைவிட ஏழையான ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. வாங்கியது யார் என்று கொடுத்தவருக்கும் தெரியக் கூடாது. அதனால் எல்லா ரொட்டியும் சபையின் உதவிக்காரி கீமியின் கூடைக்குப் போகும். கீமிக்கு ஒரு கால் ஊனம். கழுதையின் இரு பக்கமும் கூடையைக் கட்டி வீடு வீடாகப் போய் வாசலில் வைத்துவிட்டு வருவாள். யாருடையதை யாருக்கு வைத்தாள் என்று யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று பலிபீடத்தின் முன்னால் வாக்குக் கொடுத்தவள். வாங்கியவர்கள் சாப்பிட்டுவிட்டு, முகம் தெரியாத அந்தக் கொடையாளியின் மீட்புக்காக ஜெபிப்பார்கள். மற்றவர்களின் ஜெபம் வழியில் தங்கித் தங்கிப் போகும், ஏழையின் ஜெபம் நேராகப் போய்ச் சேரும் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஷல்மத்துக்கு அந்த ஜெபம் தனக்காக வேண்டியதில்லை. தன் கணவன் பர்சம்யாவுக்காக வேண்டும்.

பர்சம்யா எங்கள் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். பஞ்சம் வந்த குளிர்காலத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், உப்புமூட்டை சுமக்கும் ஸப்தாய் என்கிற ஆள் அவர் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. "நாளைக்கு வா" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. காலையில் ஸப்தாய் அந்தக் கதவிலேயே சாய்ந்தபடி விறைத்துக் கிடந்தார். எங்கள் மூப்பர் அப்ஷலமா பர்சம்யாவை ஆண்டவரின் பந்திக்கு வெளியே நிறுத்தினார். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்காப் பெருநாள்வரை சாம்பலில் நின்று, வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஜெபம் கேட்க வேண்டும், அதன் பிறகு உள்ளே வரலாம் என்பது தீர்ப்பு. பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பர்சம்யா காய்ச்சலில் போய்விட்டார். வெளியே நின்றவர் வெளியே நின்றபடியே.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பலிபீடத்தில் மூப்பர் எங்கள் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அதில் பர்சம்யாவின் பெயர் இல்லை. ஷல்மத் கேட்டுப் பார்த்தாள். மூப்பர் கெட்டவர் அல்ல. ஆனால் விதியை வளைக்கத் தெரியாதவர். "அம்மா, அவன் ஒரு ஏழைக்குக் கதவை மூடினான். இனி அவனுக்குக் கதவு திறக்கணும்னா ஏழைங்க வாய்தான் திறக்கணும். என் வாய்க்கு அந்த அதிகாரம் இல்ல" என்றார்.

சரி, ஏழைகளின் வாய்க்கே போகிறேன் என்று அவள் அன்றே முடிவுசெய்துவிட்டாள். தன் நோன்பு ரொட்டி ஒவ்வொன்றிலும் கணவனின் முத்திரையை அழுத்தினாள். சாப்பிடுகிறவர் முத்திரையைப் பார்ப்பார், பர்சம்யாவை நினைப்பார், ஜெபிப்பார். பெயரைச் சொல்லாமல் பெயரைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். மூன்று வருடம் இப்படிப் போனது. சபை கொடுத்த வாற்கோதுமைதான் அவளுக்கு ஆதாரம். கடையின் பெரிய அடுப்பை அவர் போனதிலிருந்து மூட்டவே இல்லை. ஒரு தட்டையான கல்லைச் சாணி வறட்டியில் சூடாக்கி அதில் சுட்டாள். ரொட்டி ஓடு மாதிரி வரும்.

அந்த ரொட்டிதான் இப்போது திரும்பி வந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கீமியின் வீட்டுக்குப் போனாள். கீமி வீங்கின காலில் தவிட்டு ஒத்தடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கழுதையை ஓட்டிப் போனது அவளுடைய மருமகள்.

"கீமி அக்கா, இது என்ன?"

"ரொட்டி."

"யாரு ரொட்டி?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன், தெரியும்ல?"

"நானே சொல்றேன். என்னோடது. என் ரொட்டி என் வாசல்ல என்ன பண்ணுது?"

கீமி மருமகளைக் கொஞ்ச நேரம் திட்டினாள். எந்த வீட்டுக்கு வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல என்ன மாவா வெச்சிருக்கா என்றாள். ஷல்மத் நகரவில்லை.

"பேரு வேணாம் அக்கா. வாக்க மீற வேணாம். இந்த மூணு வருஷத்துல என் ரொட்டிய ஒருத்தராவது சாப்பிட்டாங்களா? அத மட்டும் சொல்லு."

கீமி முற்றத்தைப் பார்த்தாள். முற்றத்தில் கழுதை நின்றுகொண்டிருந்தது.

"கழுதையா?" என்றாள் ஷல்மத்.

"வேணும்னு போடலடி. நான் என்ன செய்வேன்? ஒரு வீட்டு வாசல்ல வெக்கிறேன். அவங்களும் அன்னிக்கு நோன்பு. 'நம்மள விட ஏழை யாராச்சும் இருப்பாங்க'ன்னு திரும்பக் கூடையில போட்டுடுறாங்க. அடுத்த வீட்லயும் அதே கதை. நாப்பது வீடு இருக்கு நம்ம சபையில, நான்தான் கடைசி ஏழைன்னு ஒத்துக்க ஒரு வீட்லயும் ஆளில்ல. எல்லாருக்கும் அவ்வளவு தாழ்மை! மெத்துன்னு இருக்கிறத நானே பச்சப்புள்ள இருக்கிற வீட்டுக்காரி கையில திணிச்சுட்டு வந்துடுவேன். உன் ரொட்டி நாலு நாள் ஊரச் சுத்தும். அப்புறம் எந்தப் பிள்ளை கடிக்கும் அத? தண்ணியில ஊறப்போட்டு..."

"நீ ஏன் இத மூப்பர்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? யாரு வாங்கல, யாரு திருப்பினான்னு சொல்லணும்ல? வாக்குக் கொடுத்திருக்கேனே!"

ஷல்மத் வாசற்படியில் உட்கார்ந்தாள். "மூணு வருஷமா என் புருஷனுக்காக ஒரு கழுதை ஜெபம் பண்ணியிருக்கு" என்றாள்.

"சத்தமாத்தான் பண்ணுச்சு" என்றாள் கீமி. "தெருவே கேட்டுச்சே."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் ஷல்மத் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் இருந்த என் அம்மா கைக்கும் அந்த ரொட்டி வந்து போயிருக்கிறது. அம்மாவும் திருப்பித்தான் போட்டிருக்கிறாள். அதனால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் குறைசொல்ல வாய்ப்பில்லை.

"நோன்பு இல்லாத வாயாப் பாக்கணும்" என்றாள் ஷல்மத்.

"நோன்பு இல்லாத ஏழையா? கோயில்காரங்களைத்தான் பாக்கணும். நிலாவக் கும்பிடுறவங்க. அவங்க ஜெபம் எங்க போய்ச் சேரும்னு யாருக்குத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை சாப்பிடுவாங்களா, மாட்டாங்களா?"

"சாப்பிடுவாங்க."

"அது போதும்."

அவள் யாரைத் தேடிப் போகிறாள் என்று கீமிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தென்வாசலை ஒட்டி உப்புக்காரர் சந்து இருக்கிறது. அங்கேதான் செத்துப்போன ஸப்தாயின் மனைவி கய்யூ இருந்தாள். ஷல்மத் மூன்று வருடமாக அந்தச் சந்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தண்ணீருக்குப் போகும்போதுகூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

புதன்கிழமை போனாள். கய்யூ வாசலில் உட்கார்ந்து கோணிப்பை தைத்துக்கொண்டிருந்தாள். உப்பு அரித்துப்போன கைகள். ரொட்டியை வாங்கினாள், திருப்பினாள், முத்திரையைப் பார்த்தாள். சந்தின் நடுவில் வீசினாள். நாய்கூட ஒருமுறை முகர்ந்துவிட்டு யோசித்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போனாள்.

"திரும்ப வந்துட்டியா? உனக்கு வெக்கமே கிடையாதா?"

"கிடையாது. இந்தா."

"உன் புருஷன் இப்ப எங்க இருக்கான்?"

"கதவுக்கு வெளியில" என்றாள் ஷல்மத்.

"நல்லா இருக்கட்டும். குளுருதா அவனுக்கு?"

"குளுரும்."

அந்த ரொட்டியும் சந்துக்குத்தான் போனது. இப்படி ஏழு வாரம். பதினான்கு ரொட்டி. உப்புக்காரர் சந்துப் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. "கய்யூ, உன் மாமியார் வர்றா பாரு" என்று தூரத்திலேயே கூவுவார்கள். கீமி பொறுக்காமல் சொல்லிப் பார்த்தாள்: "முத்திரை இல்லாமத்தான் கொண்டுபோயேன். பசிக்குச் சாப்பிட்டுட்டுப் போறா."

"முத்திரை இல்லாட்டி அது என் ரொட்டி. அவரு ரொட்டி இல்ல."

எட்டாவது வாரம் கய்யூ ரொட்டியை வீசவில்லை. கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உனக்கு என்னதான் வேணும்?" இதற்குப் பின் நடந்த பேச்சு முழுவதையும் கய்யூதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

ஷல்மத் சொன்னாள், சபையில் ஞாயிறுதோறும் பெயர் வாசிப்பதை, அவர் பெயர் இல்லாததை, ஏழையின் வாய்தான் அதைத் திறக்க முடியும் என்று மூப்பர் சொன்னதை.

"அதுக்கு நான் அவனுக்காக வேண்டிக்கணுமா? என் சாமிக்கு உன் புருஷனத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனாலதான் மாட்டேன்."

"வேண்டிக்க வேணாம். சாப்பிடு, போதும்."

"ஏன் நீ இப்படி அலையிற? கதவ மூடினது அவன். அவன் பாவம் அவன் தலைமேல. நீ பாட்டுக்கு உன் சபை கொடுக்கிறதத் தின்னுட்டு இருக்க வேண்டியதுதானே?"

ஷல்மத் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அவரு எந்திரிச்சாரு. உன் வீட்டுக்காரர் தட்டினதும் அவரு எந்திரிச்சாரு, தாழ்ப்பாள்ல கைய வெச்சாரு. நான்தான் மாவு பிசைஞ்சுக்கிட்டே சொன்னேன், 'திறக்காதீங்க, நாலே நாலு ரொட்டிதான் இருக்கு'ன்னு. அவரு கைய எடுத்துட்டாரு."

"இத உங்க மூப்பர்கிட்ட சொன்னியா?"

"சபையில அவரத்தான் கேட்டாங்க. அவரு என்னக் காட்டிக்கொடுக்கல. ஆமா, நான்தான் திறக்கலன்னு சொல்லிட்டாரு. என்ன யாரும் கேக்கல. நானும் சொல்லல."

கய்யூ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டி வாசலில் கிடந்தது. அதற்கடுத்த புதனும் கதவு சாத்தியிருந்தது. ஷல்மத் தட்டவில்லை, தட்டுகிற தைரியம் தனக்கு வரவில்லை என்று பின்னால் சொன்னாள். வெளியில் நின்றாள், பொழுது சாய்ந்ததும் திரும்பினாள். வெள்ளியும் அப்படித்தான் நின்றாள். அன்றைக்குக் கதவு ஒரு சாண் திறந்தது.

"அன்னிக்கு எத்தனை இருந்துச்சுன்ன?"

"நாலு."

"அப்ப நாலு கொண்டா. என்ன ரொட்டி அது?"

"கோதுமை. பட்டாளத்துக்குச் சுட்டது. வெள்ளையா இருக்கும்."

"அதேதான் வேணும். இந்தக் கல்லெல்லாம் எனக்கு வேணாம். அன்னிக்கு உள்ள இருந்த அதே நாலு ரொட்டி வேணும்."

சபை கொடுக்கிற வாற்கோதுமையை நம்பி இருக்கிற ஒருத்திக்கு நாலு வெள்ளை ரொட்டி என்பது சாமானியக் காரியம் அல்ல. ஷல்மத் தன் கம்பளிப் போர்வையை விதைக் கடைக்காரரிடம் கொடுத்துக் கோதுமை வாங்கிவந்தாள். குளிர்காலம் அப்போதுதான் பிறந்திருந்தது. கீமி தலையில் அடித்துக்கொண்டாள். "போர்வைய வித்துட்டு ராத்திரி எதப் போத்திக்குவ? உன் பிடிவாதத்தையா?"

"அடுப்பு மூட்டப் போறேன் அக்கா. வீடு சூடாத்தான் இருக்கும்."

மூட்டினாள். மூன்று வருடமாகச் சில்லிட்டுக் கிடந்த பெரிய அடுப்பிலிருந்து ஒரு குருவிக் கூட்டையும் ஒரு முறம் சாம்பலையும் அள்ளி வெளியே போட்டாள். திராட்சைக் கொடியின் காய்ந்த தண்டுகளைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கினாள். எங்கள் சுவரும் அவள் அடுப்பின் சுவரும் ஒன்றுதான். விடியற்காலையில் எங்கள் பக்கச் சுவர் சூடேறியபோது என் அம்மா படுக்கையிலிருந்து கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். பர்சம்யா உயிரோடு இருந்தபோது அது தினமும் சூடாக இருந்த சுவர்.

கூடையில் நாலு ரொட்டியோடு ஷல்மத் தெருவில் நடந்துபோனபோது அந்த மணத்துக்கு ஜனங்கள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்கள்.

கய்யூ நாலையும் மடியில் அடுக்கிவைத்துக்கொண்டாள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். விழுங்க வெகுநேரம் ஆனது. பிறகு எழுந்து சந்தின் நடுவில் போய் நின்றாள். "வாங்கடி எல்லாரும். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. பர்சம்யா வீட்டு ரொட்டி. மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கு, ஆனா வந்துடுச்சு" என்று கத்தினாள். ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு வைக்கும்போதும் "பர்சம்யா வீட்டு ரொட்டி" என்றாள். ஷல்மத் சுவரோரம் நின்றபடி அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நோன்பு நாள் என்பதால் அவள் ஒரு துண்டும் தொடவில்லை. "நீயும் தின்னு" என்று கய்யூ நீட்டியபோது, "பொழுது சாயட்டும்" என்றாள். "சரியான லூசு" என்றாள் கய்யூ. ஆனால் அந்தத் துண்டைத் தனியே எடுத்துவைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு ரொட்டி. தெரு விறகு கொடுத்தது. எங்கள் சபை வீடுகள் தங்கள் நோன்பு மாவைக் கூடைக்குப் பதில் ஷல்மத்தின் தொட்டியில் கொட்டத் தொடங்கின. நாலு எட்டாகி, எட்டு இருபதாகி, கீமியின் கழுதை இப்போது உப்புக்காரர் சந்துக்கு மூட்டை சுமந்தது. அது இளைத்துப்போனதாகக் கீமி எல்லாரிடமும் புலம்பினாள்.

பெயர் மட்டும் இன்னும் வாசிக்கப்படவில்லை. ஷல்மத் மூப்பரிடம் போய் உப்புக்காரர் சந்தில் நடந்ததைச் சொன்னாள். "அவங்க நம்மவங்க இல்லையே அம்மா" என்றார் அவர். "ஜெபமும் பண்ணலங்கிற. சாப்பிட்டாங்க, அவ்வளவுதானே?" ஷல்மத் வாதாடவில்லை. அடுத்த வெள்ளிக்கும் மாவு பிசைந்தாள். பாஸ்காவுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் சபையில் இருந்தோம். உபதேசம் கேட்க வந்த வெளியாட்கள் போன பிறகு வழக்கப்படி கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்காகவும் அந்தக் கதவு திறக்காது. ஒருமுறை மழையில் வந்த நகரத் தலைவரையே வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். மூப்பர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டப்பட்டது.

மூப்பர் வாசிப்பதை நிறுத்தவில்லை. கதவுக்காரர் அசையவில்லை. மறுபடி தட்டும் சத்தம், இந்த முறை பலமாக. நான் திரும்பிப் பார்த்தபோது பெண்கள் வரிசையில் ஷல்மத் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் முறை தட்டும்போது அவள் சொன்னாள்.

"திறங்க."

அந்த நேரத்தில் பெண்கள் குரலெழுப்புவது எங்கள் சபையில் கிடையாது. கதவுக்காரர் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் முகம் சுளித்தார். ஷல்மத் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு நடந்தாள், கதவுக்காரரின் கையை ஒதுக்கினாள், தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

வெளியே கய்யூ நின்றிருந்தாள். கோணி தைக்கிற ஊசி இன்னும் முந்தானையில் குத்தியிருந்தது. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இங்க செத்தவங்க பேரு வாசிக்கிறீங்கன்னு சொன்னாங்க. ஒரு பேர விட்டுட்டீங்க."

"நீ யாரம்மா?" என்றார் மூப்பர்.

"ரொட்டி கிடைக்காமப் போன ஸப்தாயோட பொண்டாட்டி. எனக்கு உங்க ஜெபமெல்லாம் தெரியாது. அந்த நாலு ரொட்டியும் எனக்கு வந்து சேந்துடுச்சு, அவ்வளவுதான் தெரியும். அவன வெளியில நிறுத்தி வெச்சது எனக்காகன்னா, எனக்கு இனி அது வேணாம். உள்ள கூப்பிடுங்க."

மூப்பர் அப்ஷலமா பலிபீடத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல, "பர்சம்யா, ரொட்டி சுட்டவர்" என்று வாசித்தார். நாங்கள் எல்லாரும் "ஆமென்" என்றோம். கய்யூ அதற்குள் போய்விட்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எங்கள் சுவர் மறுபடி சூடேறியது. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஷல்மத் முழங்கைவரை மாவோடு நின்றிருந்தாள். கீமி வாசலில் கழுதையைப் பிடித்துக்கொண்டு அலுத்துக்கொண்டிருந்தாள்.

"அதான் பேரு வாசிச்சாச்சேடி. இன்னும் எதுக்கு இந்தப் பாடு? கொஞ்சம் தூங்கக் கூடாதா?"

"வாசிச்சது அவருக்கு. 'திறக்காதீங்க'ன்னு சொன்னது நான்."

"அதையும் கய்யூ மன்னிச்சுட்டாளே."

"அவ அப்படிச் சொல்லலயே. கேக்கணும். இன்னிக்கு இல்ல, என்னிக்காவது." ஷல்மத் முத்திரைக் கட்டையை ஆணியிலிருந்து எடுத்து மாவில் அழுத்தினாள். "கூடையப் பிடி அக்கா. ஆறிடும்."